பிரிட்டனில் இந்திய லைசென்ஸ்: ஓராண்டுச் சலுகையில் ஓட்டுவதா, வந்ததும் தேர்வுக்குப் போவதா?

நாங்கள் மில்டன் கீன்ஸ் நகருக்குக் குடிவந்தபோது, பதினோரு ஆண்டுகள் கார் ஓட்டிப் பழகிய திருநெல்வேலி லைசென்ஸ் என் கையில் இருந்தது. என் மனைவி ஊரில் ஸ்கூட்டரைத் தாண்டி எதையும் ஓட்டியதில்லை. பதின்மூன்றாவது மாதம் பிறந்தபோது, எங்கள் வீட்டுக் காரை ஓட்டும் உரிமை அவருக்கு இருந்தது, எனக்கு இல்லை. அவரைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்துக்கொண்டு பழகுநராகக்கூட நான் ஓட்ட முடியாது. புதிதாக வருகிறவர் முன்னால் இருக்கும் இரண்டு வழிகளிலும் நாங்கள் ஆளுக்கொன்றாகப் போய்ப் பார்த்துவிட்டோம். அதனால்தான் இரண்டையும் எடைபோட்டுச் சொல்ல எனக்குத் துணிவு வருகிறது.

முதலில் சட்டம். இந்திய லைசென்ஸும் இலங்கை லைசென்ஸும் இங்கே ஒரே வரிசையில்தான் வருகின்றன. குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் வரை அந்த லைசென்ஸை வைத்துக் கார் ஓட்டலாம். அது காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஓட்ட வேண்டுமென்றால் இங்குள்ள புரொவிஷனல் லைசென்ஸ், அதாவது பழகுநர் லைசென்ஸ் எடுத்து, கணினியில் எழுதும் தேர்வு, சாலையில் ஓட்டிக்காட்டும் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும். பழையதைக் கொடுத்துப் புதியதை மாற்றிக்கொள்ளும் வசதி நமக்குக் கிடையாது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் இதுதான் நடைமுறை. வட அயர்லாந்துக்கு அலுவலகமும் கட்டணமும் வேறு.

இந்த 12 மாதக் கணக்கைப் பற்றி நம்மவர்களிடையே உலவும் இரண்டு தவறான நம்பிக்கைகளை இங்கேயே களைந்துவிட வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் ஆண்டு புதிதாகத் தொடங்கும் என்பது ஒன்று. தொடங்காது. குடியேறிய நாள் ஒன்றுதான். ஊரில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி கையில் இருந்தால் கூடுதல் காலம் கிடைக்கும் என்பது மற்றொன்று. அதுவும் இல்லை. அந்த அனுமதி உங்கள் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மட்டுமே. தமிழ்நாட்டு லைசென்ஸ் அட்டையில் விவரங்கள் ஆங்கிலத்திலேயே அச்சாகியிருப்பதால் பிரிட்டனில் அதற்குப் பெரிய தேவையும் இல்லை. ஐரோப்பாவின் வேறு நாடுகளுக்குச் சுற்றுலா போய் வாடகைக் கார் எடுக்கும்போது உதவும்.

நான் எடுத்தது முதல் வழி. ஊர் லைசென்ஸில் ஓட்டத் தொடங்கினேன். இந்த வழிக்கு இருக்கும் நன்மைகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வந்த வாரமே கார் ஓட்ட முடிந்தது. வீடு பார்க்கவும், குழந்தையைப் பள்ளியில் சேர்க்கவும், பஸ் வராத இடத்தில் காலை ஆறு மணி வேலைக்குப் போகவும் அது கைகொடுத்தது. இங்கேயும் இடது பக்கமே ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங் வலது பக்கம். அமெரிக்காவுக்கோ ஜெர்மனிக்கோ போகிறவருக்கு வரும் தடுமாற்றம் நமக்கு வராது.

இழப்பு முதலில் தெரிவது இன்சூரன்ஸில். விண்ணப்பம் போடும்போதே லைசென்ஸ் எந்த நாட்டுடையது என்று கேட்பார்கள். ஊர் லைசென்ஸ் என்றதும் சில நிறுவனங்கள் விலகிக்கொள்கின்றன, மற்றவை பிரீமியத்தை ஏற்றிச் சொல்கின்றன. ஊரில் விபத்தே இல்லாமல் ஓட்டிய ஆண்டுகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் கணக்கில் எடுப்பதில்லை. பதினோரு ஆண்டு அனுபவம் இருந்தும் அந்தப் படிவத்தில் நான் நேற்றுக் கற்றுக்கொண்டவனைப் போல நின்றேன்.

அதைவிடப் பெரிய இழப்பு காலம். கார் ஓடிக்கொண்டிருக்கும்வரை தேர்வின் நினைப்பு வருவதில்லை. பத்தாவது மாதம்தான் புரொவிஷனலுக்கு விண்ணப்பித்தேன். பதினோராவது மாதம் எழுத்துத் தேர்வு. அதில் தேறிய பிறகுதான் சாலைத் தேர்வுக்கு முன்பதிவு செய்யவே முடியும். முன்பதிவுப் பக்கத்தைத் திறந்தபோது சுற்றுவட்டாரத்தில் கிடைத்த முதல் தேதி ஐந்து மாதம் தள்ளி இருந்தது. நாட்காட்டியை எண்ணிப் பார்த்தேன். பதினாறாவது மாதம்.

மனைவி எடுத்தது இரண்டாவது வழி. அதை அவர் விரும்பித் தேர்ந்தெடுத்தார் என்று சொல்ல முடியாது. ஊர் கார் லைசென்ஸ் இல்லாததால் அவருக்கு வேறு வழியில்லை. வீட்டு முகவரி உறுதியான வாரமே புரொவிஷனலுக்கு விண்ணப்பித்தார். இணையத்தில் 34 பவுண்டு, தபாலில் 43. மூன்றாவது மாதம் எழுத்துத் தேர்வு, கட்டணம் 23 பவுண்டு. அன்று மாலையே சாலைத் தேர்வுக்கு முன்பதிவு செய்தார். வார நாளில் 62 பவுண்டு, மாலையிலோ வார இறுதியிலோ என்றால் 75. தேதி ஒன்பதாவது மாதத்தில் கிடைத்தது. இடைப்பட்ட மாதங்களில் பயிற்சியாளரிடம் கற்றுக்கொண்டார். செலவில் பெரும்பகுதி அங்கேதான் போனது. ஒரு மணி நேரப் பாடம் 35, 40 பவுண்டு என்றால் மொத்தக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

அனுபவம் உள்ளவருக்கு இந்தச் செலவு குறையும். எனக்கு ஆறு பாடங்கள் போதுமாக இருந்தன. கட்டணங்கள் மட்டும் பார்த்தால் 34, 23, 62 சேர்த்து 119 பவுண்டு. ஊர் லைசென்ஸுக்காக ஏற்றிக் கட்டும் ஓராண்டு இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு எதிரில் வைத்துப் பார்த்தால் இது பெரிய தொகை அல்ல.

முதல் வாரமே எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. புரொவிஷனல் எடுத்துவிட்டால் 12 மாதச் சலுகை போய்விடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துத் தள்ளிப்போட்டேன். அது உண்மை அல்ல. அந்த ஓராண்டுக்குள் புரொவிஷனல் கையில் இருந்தாலும், ஊர் லைசென்ஸின் பலத்தில் தனியாக ஓட்டலாம், எல் பலகை வேண்டாம், மோட்டார்வே என்னும் அதிவேக நெடுஞ்சாலையிலும் போகலாம். பழகுநருக்குரிய கட்டுப்பாடுகள் சலுகைக் காலம் முடிந்த பிறகுதான் தொடங்கும். ஆகவே நம் லைசென்ஸ் உள்ளவருக்கு இவை ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்கும் வழிகளே அல்ல. முதல் வழியில் ஓட்டிக்கொண்டே இரண்டாவது வழியிலும் நடக்கலாம். அப்படி நடக்காமல் விட்டதற்கு நான் கொடுத்த விலை ஏறத்தாழ ஆறு மாதம்.

அந்த ஆறு மாதம் எப்படி இருந்தது? பழகுநர் ஓட்டும்போது பக்கத்தில் இருப்பவர் 21 வயதைத் தாண்டியவராகவும், முழு லைசென்ஸ் பெற்று மூன்று ஆண்டுகள் ஆனவராகவும் இருக்க வேண்டும். என் மனைவி லைசென்ஸ் வாங்கி நான்கு மாதமே ஆகியிருந்தது. இன்சூரன்ஸையும் பழகுநர் நிலைக்கு மாற்ற வேண்டியிருந்தது. காலை ஆறு மணி வேலைக்கு என்னைக் கொண்டுபோய் விடுவதற்காக அவர் இருட்டோடு எழுந்தார், தூங்கும் குழந்தையைப் போர்வையோடு பின் இருக்கையில் படுக்கவைத்து. அந்தக் காலை நேரங்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

"நான்கு மாதம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்" என்று ஒருவர் எனக்கு அறிவுரை சொன்னார். தயவுசெய்து அந்தப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். செல்லாத லைசென்ஸோடு ஓட்டினால் இன்சூரன்ஸும் உங்களைக் கைவிட்டுவிடலாம். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் அந்த இடத்திலேயே 300 பவுண்டு அபராதமும் 6 தண்டனைப் புள்ளிகளும் விதிக்கலாம், காரையும் எடுத்துக்கொண்டு போகலாம். இங்கே தேர்வில் தேறி முதன்முதலாக முழு லைசென்ஸ் பெற்றவர் அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகள் வாங்கினால் லைசென்ஸே ரத்தாகிவிடும், மறுபடியும் பழகுநராகத் தொடங்க வேண்டும். ஊரில் எத்தனை ஆண்டு ஓட்டியிருந்தாலும் அந்தச் சட்டத்தின் கண்ணில் நாம் புதியவர்கள்தான்.

சரி, தேர்வு எப்படி? எழுத்துத் தேர்வில் 57 நிமிடத்தில் 50 கேள்விகள், 43 சரியாக இருக்க வேண்டும். ஒரு காலத்தில் இந்தத் தேர்வைத் தமிழ்க் குரல் வழியாகக் கேட்டு எழுத முடிந்தது. 2014 ஏப்ரலில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். இப்போது ஆங்கிலமும் வேல்ஷும் மட்டுமே. ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கிவிட்ட பெரியவர்கள் பலருக்கு இது உண்மையான தடை. எழுத்துத் தேர்வின் இரண்டாம் பகுதியில் 14 காணொளித் துண்டுகள் வரும். ஆபத்து உருவாகத் தொடங்கும் கணத்தில் சொடுக்க வேண்டும், 75-க்கு 44 எடுக்க வேண்டும். நம் சாலைகளில் பழகிய கண் ஆபத்தைச் சீக்கிரமே பார்த்துவிடும். ஆனால் மிக முன்னதாகச் சொடுக்கினால் மதிப்பெண் கிடையாது. பயிற்சிக் காணொளிகளைப் பார்க்காமல் போகாதீர்கள்.

சாலைத் தேர்வு 40 நிமிடம். தொடங்குமுன் 20 மீட்டர் தூரத்தில் நிற்கும் வண்டியின் எண்ணைப் படித்துக்காட்ட வேண்டும். சிறு தவறுகள் 15 வரை மன்னிக்கப்படும், பெருந்தவறு ஒன்று போதும், தோல்வி. தேர்வு எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்குச் சற்றுக் குறைவாகவே தேறுகிறார்கள்.

பழைய ஓட்டுநருக்கும் புதியவருக்கும் இடையிலான ஒப்பீட்டில் நான் எதிர்பார்க்காத இடம் இதுதான். மனைவி முதல் முறையே தேறினார், நான் தேறவில்லை. அவருக்கு மறக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை. திருநெல்வேலி வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் யார் முன்னே மூக்கை நுழைக்கிறாரோ அவருக்கே வழி. இங்கே வலது பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். அவர் இல்லாதபோது தயங்கி நின்றால் அதுவும் தவறு. மில்டன் கீன்ஸில் நூற்றுக்கும் மேற்பட்ட ரவுண்டானாக்கள் இருக்கின்றன, ஒரு தேர்வுக்குள் எத்தனை முறை இந்த முடிவை எடுக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நான் தோற்றது வேறொரு இடத்தில். பக்கத்துத் தெருவுக்குள் இடது புறம் திரும்பும்போது ஒரு பெண்மணி சாலையைக் கடக்க அடி எடுத்துவைத்தார். ஊர் வழக்கப்படி அவர் நிற்பார் என்று எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட நெடுஞ்சாலை விதிகளின்படி, கடக்கக் காத்திருப்பவருக்கே நான் வழிவிட வேண்டும். கடக்கத் தொடங்கிவிட்டவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தேர்வாளர் சொன்ன முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். மறு தேர்வுக்குக் குறைந்தது பத்து வேலைநாள் இடைவெளி வேண்டும். யாரோ விட்டுக்கொடுத்த தேதி ஒன்று கிடைத்ததால் பதினெட்டாவது மாதத்தில் தேறினேன்.

மூன்றாவது வழி ஒன்று சிலருக்குத் திறந்திருக்கிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துவிட்டு இங்கே வருகிறவர்கள், ஐக்கிய அரபு அமீரக லைசென்ஸையும் சிங்கப்பூர் லைசென்ஸையும் தேர்வு இல்லாமலே பிரிட்டன் லைசென்ஸாக மாற்றிக்கொள்ளலாம். அமீரகம் 2021-இல் பட்டியலில் சேர்ந்தது. குடியேறி ஐந்து ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 43 பவுண்டு. மாற்றும்வரை அந்த லைசென்ஸிலும் 12 மாதமே ஓட்டலாம். ஆனால் கவனம்: ஓட்டுநர் தேர்வை அந்தப் பட்டியலில் உள்ள நாட்டில் தேறியிருக்க வேண்டும். இந்திய லைசென்ஸைக் காட்டி, ஓட்டிக்காட்டும் தேர்வு இல்லாமல் சிங்கப்பூரில் மாற்றி வாங்கியவருக்கு இந்தக் கதவு திறக்கும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது. துபாயில் பயிற்சி எடுத்துத் தேறியவருக்கு இதைவிட நல்ல வழி வேறு இல்லை.

லண்டன் நகருக்குள் வேலையும் வீடும் என்றால் காரே வேண்டாம் என்பது நான்காவது வழி. அதை நான் மதிக்கிறேன். மில்டன் கீன்ஸில் அது நடக்காது.

தேர்வுக்குப் போகிறவருக்கு உள்ளேயே ஒரு கிளைக் கேள்வி உண்டு: கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா? ஆட்டோமேட்டிக்கில் தேறினால் அதை மட்டுமே ஓட்டலாம், கியர் வண்டியில் தேறினால் இரண்டையும் ஓட்டலாம். ஊரில் கியர் வண்டி பழகியவருக்கு யோசிக்க ஒன்றுமில்லை, அதிலேயே போங்கள். புதிதாகக் கற்கிறவருக்கு என் மனைவி வேறு பதில் சொல்கிறார். அவர் ஆட்டோமேட்டிக்கில்தான் தேறினார். கிளட்ச் பற்றிய கவலை இல்லாததால் கண்ணாடியையும் சாலையையும் பார்க்க மனம் முழுதாகக் கிடைத்தது என்கிறார். மின்சாரக் கார்கள் எல்லாமே அந்த வகைதான் என்பதால் அவர் வாதம் ஆண்டுக்கு ஆண்டு வலுக்கிறது.

என் சித்தி மகன் அடுத்த மாதம் லெஸ்டருக்கு வருகிறான். ஒன்பது ஆண்டு கார் ஓட்டியவன். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட வாரமே புரொவிஷனலுக்கு விண்ணப்பி, மூன்றாவது மாதத்துக்குள் எழுத்துத் தேர்வு, அன்றே சாலைத் தேர்வுக்கு முன்பதிவு, ஒருமுறை தோற்றாலும் ஓராண்டுக்குள் மறுபடி எழுத இடம் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கூடவே ஊர் லைசென்ஸ் எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று விமானம் ஏறுமுன் பார்க்கச் சொன்னேன். பார்த்தான். இன்னும் ஏழு மாதம்தான் இருந்தது. இப்போது அதைப் புதுப்பிக்க அலைந்துகொண்டிருக்கிறான்.