நீர்க்கசிவு சென்சார்: வைஃபையை விட்டு ஜிக்பீக்கு வந்த கதை

சிங்குக்கு அடியில் இருக்கும் அலமாரிக் கதவு ஒரு நாள் சரியாக மூடவில்லை. குனிந்து பார்த்தால் அடிப்பலகை தண்ணீரில் ஊறி உப்பியிருந்தது. அந்தப் பலகையின் மேலேயே, கசிவைச் சொல்வதற்கென்று வாங்கி வைத்த வைஃபை சென்சார் ஈரத்தில் உட்கார்ந்திருந்தது. ஆப்பைத் திறந்தால் 'கசிவு இல்லை' என்று பச்சையில் காட்டியது. சென்சாரை எடுத்து அதன் கால்களில் ஈரத்துணியை ஒற்றிப் பார்த்தேன். சத்தமே இல்லை. பேட்டரி தீர்ந்து எத்தனை நாளாயிற்றோ, ஆப் தனக்குக் கடைசியாகக் கிடைத்த செய்தியையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷமாக வீட்டில் எட்டு இடங்களில் ஜிக்பீ சென்சார்கள் இருக்கின்றன. ஜிக்பீ, இசட்-வேவ், திரெட் எல்லாம் வைஃபை போலவே கருவிகள் ஒயரில்லாமல் பேசிக்கொள்ளும் முறைகள். ஆகவே என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைஃபை, ஜிக்பீ இரண்டும் எனக்கு நன்றாகப் பழகியவை. இசட்-வேவ் ஒன்றே ஒன்று வைத்திருந்தேன். திரெட் சென்சார் ஒன்று வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. மற்றவற்றை நண்பர் வீட்டில் பார்த்ததோடு சரி.

தண்ணீரைக் கண்டுபிடிக்கும் வேலையில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. அடியில் இரண்டு உலோகக் கால்கள் இருக்கும். இரண்டையும் தண்ணீர் இணைத்தால் துளி மின்சாரம் பாயும், அதுதான் செய்தி. விலை கூடியதும் குறைந்ததும் இதையேதான் செய்கின்றன. ஒன்றே ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு, அதனால் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஏசிக்குக் கீழே வைக்கிற சென்சாரைக் குழாய்த் தண்ணீரில் சோதிக்காமல் அந்த ஏசித் தண்ணீரிலேயே சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

செய்தி எந்த வழியாக வருகிறது என்பதில்தான் பிரிவு தொடங்குகிறது. வைஃபையில் எப்போதும் இணைப்பிலேயே இருந்தால் சின்ன பேட்டரி தாங்காது. அதனால் சென்சார் தூங்கிக்கொண்டே இருக்கும். கால் நனைந்தால் விழித்து, ரவுட்டரைத் தேடி, இணைந்து, பெரும்பாலும் எங்கோ இருக்கும் சர்வருக்குச் சொல்லி, அங்கிருந்து நம் போனுக்கு வர வேண்டும். சில விநாடித் தாமதம் பெரிய விஷயமில்லை. ஆனால் நடுவில் வைஃபை பாஸ்வேர்டை மாற்றியிருந்தாலோ இணையம் போயிருந்தாலோ செய்தி சென்சாரோடு நின்றுவிடும். பாஸ்வேர்டை மாற்றிய அன்று டிவி வேலை செய்யவில்லை என்றால் வீடே கத்தும். சென்சாரை யாரும் நினைக்கக்கூட மாட்டார்கள்.

இருந்தாலும் ஒன்று இரண்டு இடம்தான், சென்சார்களின் செய்தியை வாங்கிப் போனுக்குத் தரும் ஹப் பெட்டியைத் தனியாக வாங்க மனசில்லை என்றால் வைஃபையே போதும். அப்படி வாங்கும்போது ஷெல்லி ஃப்ளட் போல, சர்வரை நம்பாமல் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே பேசக்கூடியதாகவும் தானே கத்தக்கூடியதாகவும் பார்த்து வாங்குங்கள்.

இனி என்னை மாற வைத்த காரணம். கதவு சென்சார் செத்துப்போனால் அன்று மாலையே தெரிந்துவிடும், கதவைத் திறந்ததும் எரிய வேண்டிய விளக்கு எரியாது. அசைவு சென்சாரும் அப்படித்தான். நீர்க்கசிவு சென்சாரின் சங்கதி வேறு. நான்கு வருஷம் வாயே திறக்காமல் கிடந்து ஒரே ஒரு நாள் கத்துவதுதான் அதன் வேலை. அந்த நான்கு வருஷமும் அது சும்மா இருக்கிறதா, செத்துக் கிடக்கிறதா என்பது பார்த்தால் தெரியாது. அதனால் வாங்கும்போது நான் கேட்கிற முதல் கேள்வி, அது உயிரோடு இருப்பதை எனக்கு எப்படிச் சொல்லும் என்பதே. வேகம், தூரம், அழகு எல்லாம் அப்புறம்.

இந்தக் கேள்விக்கு எனக்கு நல்ல பதில் தந்தது ஜிக்பீ. குறைந்த மின்சாரத்தில் பேசுவதற்கென்றே உருவான முறை அது. கசிவே இல்லாவிட்டாலும் சென்சார் அவ்வப்போது விழித்து 'இருக்கிறேன்' என்று ஹப்புக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். ஹப்பிலும் அதைக் கவனிக்க ஆள் வேண்டும் இல்லையா? வீட்டுக் கருவிகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் மென்பொருளான ஹோம் அசிஸ்டன்டோடு, ஜிக்பீ கருவிகளை அதில் இணைக்கும் ஜிக்பீ2எம்க்யூடிடி ஓட்டுகிறவர்கள் அமைப்புகளில் 'அவெயிலபிலிட்டி'யை (கருவி தொடர்பில் இருக்கிறதா என்ற கண்காணிப்பை) இயக்கிவிட்டால், பேட்டரியில் ஓடும் கருவியிடமிருந்து 1,500 நிமிடம், அதாவது 25 மணி நேரம், ஒரு செய்தியும் வராவிட்டால் அது தொடர்பில் இல்லை என்று குறித்துவிடும். அதே வேலையைச் செய்யும் இசட்எச்ஏ வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கெடு 6 மணி நேரம். அந்த நிலை வந்ததும் போனுக்குத் தகவல் அனுப்பும்படி ஒரு ஆட்டோமேஷன் எழுதி வைத்தேன். பத்து வரி இருக்கும். இந்த வீட்டில் நான் எழுதியவற்றில் மிக உபயோகமானது அதுதான். இதுவரை இரண்டு தடவை வேலை செய்திருக்கிறது. ஒரு தடவை பேட்டரி. இன்னொரு தடவை, வாஷிங் மெஷினை இழுத்துச் சுத்தம் செய்தவர் சென்சாரை அலமாரி மேலே வைத்துவிட்டு, அதன் செய்தியை ஹப்புக்குக் கைமாற்றிக்கொண்டிருந்த ஸ்மார்ட் பிளக்கையும் பிடுங்கி வைத்துவிட்டார்.

பேட்டரியின் சதவீதத்தைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பொத்தான் பேட்டரியான சிஆர்2032 தன் ஆயுளின் பெரும்பகுதியில் ஏறக்குறைய 3 வோல்ட்டிலேயே நிற்கும், கடைசியில் சட்டென்று விழும். சென்சார் வோல்ட்டேஜைப் பார்த்துத்தான் சதவீதத்தைக் கணக்கிடுகிறது. அதனால் மாதக்கணக்கில் நூறு நூறு என்று காட்டிவிட்டு ஒரு வாரத்தில் படுத்துவிடும். ட்ரிபிள் ஏ சென்சாரில் ரீசார்ஜ் பேட்டரி போட்டால் இதற்கு நேர்மாறு. அது 1.2 வோல்ட்தான், புதிதாகச் சார்ஜ் செய்து போட்டாலும் பாதி தீர்ந்தது போலக் காட்டும். இந்த எண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். கடைசியாக எப்போது பேசியது என்பதை மட்டும் பாருங்கள்.

ஜிக்பீக்குள்ளேயே எதை எடுப்பது என்பதையும் பேட்டரிதான் தீர்மானித்தது. அகாராவின் வட்டச் சென்சார் சின்னது, அழகு, ஐபி67 தரம் என்பதால் தண்ணீரில் மூழ்கினாலும் கவலையில்லை. ஆனால் அது சிஆர்2032-இல் ஓடுவது, தானாகக் கத்தாது. ஐகியாவின் பாட்ரிங் ஒரு ட்ரிபிள் ஏ பேட்டரியில் ஓடும், உள்ளேயே சைரன் உண்டு. தேர்ட் ரியாலிட்டியின் சென்சார் இரண்டு ட்ரிபிள் ஏ, அதன் சைரன் 120 டெசிபல் என்று அட்டையில் போட்டிருக்கிறது. சாதாரண ட்ரிபிள் ஏ ஒன்றின் கொள்ளளவு ஆயிரம் மில்லியாம்பியர்-மணி அளவு. சிஆர்2032-இல் சுமார் 220. அதோடு, பொத்தான் பேட்டரியால் பெரிய சைரனுக்கு வேண்டிய மின்சாரத்தை ஒரேயடியாகக் கொடுக்க முடியாது.

சைரனை நான் முதலில் வெறும் கூடுதல் வசதி என்றுதான் நினைத்தேன். யோசித்துப் பாருங்கள். ஹப் தொங்கிவிட்டது, மின்சாரம் இல்லை, போன் சைலன்டில் கிடக்கிறது, நேரம் நள்ளிரவு. மற்ற எல்லாம் கைவிட்டாலும் சென்சார் தன் சொந்த பேட்டரியில் கத்தும். அதனால் என் எட்டில் ஆறு சைரன் உள்ளவை. மிச்ச இரண்டு சின்ன வட்டச் சென்சார்கள், ஏனென்றால் பாத்திரம் கழுவும் மெஷினுக்கு அடியிலும் டாய்லெட் தொட்டிக்குப் பின்னாலும் பெரியது நுழையவில்லை. போன் பக்கத்தையும் சரிசெய்துகொள்ள வேண்டும். ஐபோனில் சைலன்டையும் மீறி ஒலிக்கும் கிரிட்டிக்கல் அலர்ட்டை ஹோம் அசிஸ்டன்ட் ஆப் அனுப்பும், ஆண்ட்ராய்டில் அலாரம் ஒலியாக அனுப்பலாம்.

ஜிக்பீயில் குறை இல்லாமல் இல்லை. அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸில் வைஃபையோடு நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. வாஷிங் மெஷின் என்பது ஒரு இரும்புப் பெட்டி, அதற்குப் பின்னால் தரையோடு தரையாகக் கிடக்கும் சென்சாரின் சிக்னல் தடுமாறத்தான் செய்யும். பக்கத்தில் எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் ஸ்மார்ட் பிளக் ஒன்று இருந்தால் அது செய்தியை வாங்கிக் கைமாற்றி விடும். ஸ்மார்ட் பல்பை நம்பாதீர்கள், யாராவது சுவர் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். அப்புறம் சேனல். வைஃபை 1, 6, 11-இல் ஓடினால் இடைவெளியில் விழும் 15, 20, 25 போன்ற ஜிக்பீ சேனல்களில் ஒன்றை ஆரம்பத்திலேயே தேர்ந்தெடுத்துவிடுங்கள். எட்டு சென்சாரையும் சேர்த்த பிறகு மாற்றப்போனால் சில கருவிகளை மறுபடியும் உட்கார்ந்து சேர்க்க வேண்டியிருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

இந்த நெருக்கடியே இல்லாத இடம் இசட்-வேவ். ஐரோப்பாவில் 868.42, அமெரிக்காவில் 908.42 மெகாஹெர்ட்ஸ் என்று கீழ் அலைவரிசையில் ஓடுவதால் சுவர்களைத் தாண்டுவது சுலபம். நாட்டுக்கு நாடு அலைவரிசை மாறுவதால் வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம் சொல்லி வாங்கிவரச் சொல்லாதீர்கள். அதில் நான் வைத்திருந்தது ஃபிபாரோ. தங்க முலாம் பூசிய மூன்று கால், தண்ணீர் ஏறினால் மிதக்கும், பேட்டரி வேண்டாமென்றால் 12 முதல் 24 வோல்ட் வரை நேரடியாக ஒயர் கொடுக்கலாம். ஒயர் கொடுத்துவிட்டால் நான் மேலே புலம்பிய பேட்டரிப் பிரச்சினையே பறந்துபோகும். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு நான் யோசனை சொன்னால் இதைத்தான் சொல்வேன். ஏற்கெனவே ஜிக்பீ ஹப் ஓடும் வீட்டில் எட்டு இடத்துக்காக இன்னொரு ரேடியோவும் கூடுதல் விலையும் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. ஒரே ஒரு சென்சாரை வைத்துக்கொண்டு இதற்கு மேல் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

நெடுந்தூரம் எட்டும் லோரா ரேடியோ முறையில் ஓடும் யோலிங்க் சென்சாரை நண்பர் வீட்டில் பார்த்தேன். தோட்டத்தின் கோடியில் இருக்கும் பம்ப் அறையிலிருந்து அலட்டிக்கொள்ளாமல் செய்தி வருகிறது. ஹப்பும் இணையமும் இல்லாமலே சென்சாரையும் வால்வையும் நேரடியாக ஜோடி சேர்க்கலாம் என்பது எனக்குப் பொறாமை தந்த விஷயம். தூரம்தான் பிரச்சினை என்றால் அங்கே போங்கள். பல நிறுவனங்களின் கருவிகளும் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொதுத் தரமான மேட்டரில் நீர்க்கசிவு சென்சார் என்ற வகை 2024 மே மாதம் வந்த 1.3 பதிப்பில்தான் சேர்ந்தது. திரெட் வழியாகப் பேசும் என் சென்சார் மூன்று மாதமாக ஒழுங்காக இருக்கிறது. பேட்டரியைப் பற்றிப் பேச மூன்று மாதம் போதாது.

குழாயிலேயே பொருத்தும் ஃப்ளோ, ஃபின் போன்றவை தனி ஜாதி. மெயின் குழாயை வெட்டி நடுவில் வைத்து, ஓட்டத்தையும் அழுத்தத்தையும் அளந்து, சந்தேகம் வந்தால் தாமே தண்ணீரை நிறுத்திவிடும். சுவருக்குள் நடக்கும் கசிவைத் தரையில் கிடக்கும் சென்சார் சுலபத்தில் சொல்லாது, இவை சொல்லும். நானும் ஒரு கட்டத்தில் இதையே வாங்கிவிடலாமா என்று ஆசைப்பட்டேன். என்னை நிறுத்தியது அந்த உப்பிய பலகைதான். அன்று ஒழுகியது தண்ணீர் வரும் குழாய் இல்லை, சிங்கிலிருந்து கழிவுநீர் போகும் குழாயின் மூட்டு. மீட்டரைத் தாண்டி, பாத்திரம் கழுவி, கீழே இறங்கிய தண்ணீர் எங்கே போனால் மெயின் குழாய்க்கு என்ன தெரியும்? ஏசித் தண்ணீரும் அப்படித்தான். குழாயில் பொருத்துவது இருந்தாலும் தரையில் வைக்கும் சென்சார் வேண்டும்.

தண்ணீரைத் தானாக நிறுத்தும் வசதியாக, இப்போதிருக்கும் பால் வால்வின் (உள்ளே உருண்டை திரும்பித் தண்ணீரை அடைக்கும் வால்வு) கைப்பிடியில் மாட்டித் திருப்பும் மோட்டார் ஒன்றை வைத்திருக்கிறேன். குழாயை வெட்ட வேண்டியதில்லை. ஆனால் மாதம் ஒரு தடவை மூடித் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்புப் படிந்து இறுகி, தேவைப்படும் நாளில் திரும்பாது. அந்த வேலையையும் ஆட்டோமேஷனிடம் கொடுத்துவிட்டேன், அதிகாலை மூன்று மணிக்கு. ஈரத்துடைப்பம் பட்டுப் பொய்யாக அலறும் நாளும் உண்டு. தலையில் ஷாம்புவோடு நின்றவரிடம் வாங்கிய திட்டுக்குப் பிறகு, சென்சார் பத்து விநாடி தொடர்ந்து ஈரம் காட்டினால்தான் வால்வு மூடும்படி மாற்றினேன்.

எங்கே வைப்பது என்று தெரியவில்லையென்றால் ஒரு டம்ளர் தண்ணீரைத் தரையில் ஊற்றிப் பாருங்கள், அது எங்கே போய்த் தேங்குகிறதோ அங்கே. அலமாரிக்குள் தட்டு வைத்து அதன் மேல் சென்சாரை வைத்தால் சொட்டுத் தட்டிலேயே தேங்கி முன்னதாகவே தெரிந்துவிடும்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை ஈர விரலோடு எட்டையும் தொட்டுக்கொண்டே ஒரு சுற்று வருவேன். சைரன் கத்த வேண்டும், போன் கத்த வேண்டும், இரண்டும் நடந்தால்தான் கணக்கு. ஹப்புக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு சின்ன யூபிஎஸ் இருக்கிறது. பேட்டரி போட்ட தேதியைச் சென்சாரின் முதுகில் மார்க்கரால் எழுதி வைக்கிறேன். சதவீதம் என்ன காட்டினாலும் வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுவேன், ஆல்கலைன் பேட்டரியை முழுக்கத் தீரும் வரை விட்டால் அதுவே ஒழுகிச் சென்சாரைக் கெடுத்துவிடக்கூடும். கழற்றிய பேட்டரிகள் வீணாவதில்லை, டிவி ரிமோட்டில் இன்னும் பல மாதம் ஓடுகின்றன.