பிஃபீல்ட்டூல்ஸ் பாவித்துப் பார்த்தேன்

அம்மாவை எம்ஆர்ஐ ஸ்கானுக்குக் கூட்டிக்கொண்டு போன அன்று, வெளியில் வாங்கில் இருந்தபோது கேட்ட அந்த 'டக் டக்' சத்தம்தான் என்னை இதற்குள் இழுத்துவிட்டது. பெரிய காந்தம் சும்மா கிடக்கும். கத்துவது அதற்குள் இருக்கும் கிரேடியன்ட் சுருள், அதாவது காந்தப்புலத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை சீராகக் கூட்டிக்கொண்டு போகிற கம்பிச் சுருள். அவ்வளவு பலமான காந்தப்புலத்துக்குள் மின்னோட்டத்தைச் சடசடவென்று மாற்றினால் கம்பி உதறத்தானே செய்யும். அந்தக் கம்பி எப்படி வளைந்து போக வேண்டும் என்று கணக்குப் பார்த்துத் தருகிற, பைதன் என்ற நிரல்மொழிக்கான இலவசத் தொகுப்புத்தான் பிஃபீல்ட்டூல்ஸ், பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் உருவானது, 2020இல் வெளிவந்தது. கிளிநொச்சியில் என்னுடைய பழைய மடிக்கணினியில் இரண்டு மாதம் இதோடு மல்லுக்கட்டினேன்.

நிறுவுவதில் இரண்டு நாள் போனது. பிழை என்னுடையதுதான், ஆகப் புதிய பைதனில் போய் ஏற்றினேன், பழையதுக்கு இறங்கிய பிறகுதான் எல்லாம் ஒத்துவந்தது. படம் காட்டுகிற துணைத்தொகுப்பின் பெயர் மாயாவி. சத்தியமாக அதுதான் பெயர்.

சரி, வேலைக்கு வருவோம். முன்பெல்லாம் வடிவத்தை முதலில் தீர்மானித்துவிட்டுப் புலம் எப்படி வருகிறது என்று பார்ப்பார்கள். மேக்ஸ்வெல் சோடி அப்படித்தான்: இரண்டு வளையங்கள், இடைவெளி ஆரத்தின் 1.73 மடங்கு, மின்னோட்டம் எதிரெதிர்த் திசையில். 1986இல் ராபர்ட் டர்னர் என்ற இயற்பியலாளர் அதைத் தலைகீழாக்கினார். எனக்கு இந்தப் புலம் வேண்டும், மின்னோட்டம் எங்கே ஓட வேண்டும் என்று நீ சொல்லு. அவர் கணக்குப் போட்டது உருளைக்கு. இந்தத் தொகுப்பு பரப்பைச் சிறு சிறு முக்கோணங்களாக வெட்டிக்கொள்வதால், உருளையோ தட்டையோ கோணல்மாணலோ, எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறது.

ஒவ்வொரு முக்கோண முனைக்கும் ஓர் எண் கிடைக்கும். சம எண்களைச் சேர்த்துக் கோடு இழுத்தால் அதுதான் கம்பி ஓடும் பாதை. கோடையில் இரணைமடுக் குளம் வற்றும்போது கரையில் வரிவரியாகத் தடம் விழுமே, அதே மாதிரி. இரண்டு கோடுகளுக்கு இடையில் எப்போதும் ஒரே அளவு மின்னோட்டம், அதனால் கோடுகள் நெருங்கிய இடத்தில் ஓட்டம் அதிகம். இரண்டு தட்டைப் பலகைகள் கொடுத்து செங்குத்துக் கிரேடியன்ட் கேட்டேன், வட்டம் வட்டமாக வந்தது. பக்கவாட்டில் கேட்டேன், ஒவ்வொரு பலகையிலும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சுழி. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

எனக்கு உண்மையில் புத்தி வந்தது பிழையளவை, அதாவது கேட்ட புலத்திலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற அளவை, குறைத்தபோதுதான். 5 சதவீதம் என்றபோது நல்ல பிள்ளையாக இருந்த கோடுகள், 1 சதவீதம் என்றதும் நெருங்கி, முறுகி, ஓரத்தில் எதிர்த்திசைச் சுழிகள் வேறு முளைத்தன, காந்த ஆற்றலும் ஏறியது. ஆற்றல் ஏறினால் தூண்டுதிறன் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் குணம்) ஏறும், பிறகு மின்னோட்டத்தை வேகமாக மாற்ற முடியாது. கம்பியில் நுணுக்கமாக எதைச் செய்தாலும் தூரம் போகப் போக அது மங்கிவிடும், ஆகவே நடுவில் கொஞ்சம் திருத்தம் வேண்டுமென்றால் பரப்பில் பெரிய ஆட்டம் ஆட வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்தபோது தலைக்குள் ஏறவில்லை.

நினைவகம் கவனம். ஒவ்வொரு முனைக்கும் மற்ற எல்லா முனைகளோடும் உள்ள தூண்டுதிறனை அட்டவணையாக வைக்கிற அணியில் காலி இடமே கிடையாது: 5000 முனைக்கு 200 எம்பி, 20,000 என்றால் 3.2 ஜிபி. ஆசைப்பட்டு வலையை நுணுக்கி, கணினி உறைந்துபோய், பட்டனை அமத்தி நிறுத்தியிருக்கிறேன்.

குறை என்றால் ஒன்று. மூடிய வளையங்களோடு கை கழுவிவிடுகிறது, அவற்றை ஒரே கம்பியாக இணைப்பது உங்கள் பாடு. ஜெர்மனியின் ஃபிரைபூர்க்காரர் செய்த காயில்ஜென் என்ற இதே மாதிரித் தொகுப்பு அதையும் செய்கிறது, ஆனால் அது காசு கொடுத்து வாங்குகிற மேட்லேப் மென்பொருளில் எழுதியது. ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

கடைசியில் படத்தை அச்செடுத்துக்கொண்டு, தண்ணீர் மோட்டருக்குக் கம்பி சுற்றுகிற கடைக்குப் போனேன். "என்ன தம்பி, கோலமோ?" என்றார் அண்ணை. பிறகு கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, சுழியின் நடுவில் விரலை வைத்து, "இந்த வளைவில இனாமல் வெடிக்கும்" என்றார். கம்பியின் மேல் பூச்சைத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து, வளைவு இவ்வளவு இறுக்கமாக வராமல் இருக்கட்டும் என்று, 12 கோட்டை 8 ஆக்கி மறுபடி ஓட விட்டிருக்கிறேன்.