கட்டுவிரியன் கடி, கண்ணாடி விரியன் கடி: எது எப்படி வேறுபடும்?

கண்ணாடி விரியன் கடித்தால் பெரும்பாலும் சந்தேகத்துக்கு இடமிருக்காது. உடனே கடும் வலி, மளமளவென ஏறும் வீக்கம். நஞ்சு ரத்தம் உறையும் காரணிகளைத் தீர்த்துவிடுவதால் ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் வரலாம், சிறுநீரகமும் பழுதாகலாம்.

கட்டுவிரியன் நேர்மாறு. இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல் தடமே தெரியாமல் போகலாம், வீக்கமும் இராது. விடியற்காலை வயிற்றுவலி, பிறகு இமை சரிவு, விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல். இதை அஜீரணம் என்று நினைத்து வீட்டிலேயே வைத்திருப்பதுதான் உயிரைப் பறிக்கிறது.

கண்ணாடி விரியனுக்கு 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை கைகொடுக்கும். 2 மி.லி. ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் அசைக்காமல் வைத்து, 20 நிமிடம் கழித்துச் சாய்க்க வேண்டும். உறையாமல் வழிந்தால் நஞ்சு ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாயோ சோப்பு போட்டுக் கழுவிய குழாயோ தவறான முடிவு தரும். கட்டுவிரியன் கடியில் ரத்தம் வழக்கம்போல் உறையும். அதை வைத்து ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

இந்தியாவில் இரண்டுக்கும் ஒரே மருந்துதான்: நால்வகைப் பாம்பு நஞ்சுமுறி, தொடக்கத்தில் பொதுவாக 10 குப்பி. கண்ணாடி விரியன் கடியில் 6 மணி நேரம் கழித்தும் ரத்தம் உறையாவிட்டால் மறுபடி கொடுப்பார்கள். கட்டுவிரியன் நஞ்சோ நரம்பு முனையையே சிதைக்கிறது. தசைகள் செயலிழந்து வாதம் வந்தபின் நஞ்சுமுறியால் அதைத் திருப்ப முடியாது, முனைகள் மீளும்வரை நாள்கணக்கில் வென்டிலேட்டர்தான். ஆகவே கட்டுவிரியனுக்கு வென்டிலேட்டரும், கண்ணாடி விரியனுக்கு டயாலிசிஸும் உள்ள மருத்துவமனை வேண்டும்.

இறுக்கிக் கட்டுவது இரண்டிலும் தவறு. கண்ணாடி விரியன் கடியில் அது தசையையும் அழுகவைக்கும்.