பொருளியல் இளங்கலையில் ஆய்வுப் பயிற்சி: வகுப்பா, பழைய கட்டுரையா, சந்தையா, ஏடா?

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்குச் சனிக்கிழமைகளில் பொருளியலும் புள்ளியியலும் சொல்லித் தருகிறேன். மூன்றாம் ஆண்டை முடிக்கப் போகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: ஆனர்ஸ் சேரப் போகிறேன், ஆய்வு செய்யக் கற்றுக்கொள்ள எது நல்ல வழி? ஊரில் இருக்கும் சொந்தக்காரப் பிள்ளைகளும் இதையேதான் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் இங்கத்திய அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இளங்கலை 3 வருடம், ஆனர்ஸ் அதற்கு அப்புறம் வரும் தனிப் பட்டம். ஆனர்ஸின் 120 கிரெடிட்டில் குறைந்தது 30 ஆய்வுக்குப் போக வேண்டும் என்பது விதி, ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு, ஆக 300 மணி நேரம். கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஆனால் மென்பொருளைப் பழகி, தரவுக் கோப்பைத் திறந்து, எந்தப் பத்தியில் என்ன இருக்கிறது என்று புரிந்துகொள்வதற்குள் அதில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது, கேள்வியைப் பற்றி யோசிக்க நேரமே மிஞ்சுவதில்லை. ஆனர்ஸ் பக்கமே போகாத பிள்ளையோ ஒரு சின்ன ஆய்வுகூடச் செய்யாமல் பொருளியல் பட்டம் வாங்கிவிட முடியும். அதனால்தான் இதை இளங்கலையிலேயே தொடங்கச் சொல்கிறேன்.

சரி, என்னென்ன வழிகள் இருக்கின்றன?

முதலாவது ஆய்வு முறையியல் வகுப்பு. ஒரு செமஸ்டர், சில நூறு பேர் உட்காரும் அரங்கம், கடைசியில் தேர்வு. கருதுகோள் என்றால் என்ன, மாதிரி என்றால் என்ன, முதல்நிலைத் தரவுக்கும் இரண்டாம்நிலைத் தரவுக்கும் என்ன வித்தியாசம் என்று மனப்பாடம் செய்து 70 மதிப்பெண் வாங்கிய மாணவி ஒருத்தியிடம் ஒரு சர்வே கோப்பைக் கொடுத்தேன், அரை மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கெட்டிக்காரி, தவறு அவளிடம் இல்லை. நீச்சலைக் கரும்பலகையில் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கடலில் இறக்கிவிட்டால் யாராக இருந்தாலும் அப்படித்தான் நிற்பார்கள். காணொளி வகுப்புகளுக்கும் இதே குறைதான்: கட்டளைகளைப் பழக உதவும், ஆனால் அவர்கள் தரும் தரவு ஏற்கெனவே துடைத்துச் சுத்தம் செய்யப்பட்டது.

இரண்டாவது, வெளியான ஒரு ஆய்வுக் கட்டுரையை எடுத்து அதே தரவில் அதே அட்டவணையை நாமே மறுபடி உருவாக்கிப் பார்ப்பது. ரெப்ளிகேஷன் என்பார்கள். என் ஓட்டு முதலில் இதற்குத்தான்.

இதை வெறும் பயிற்சி வேலை என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. 2010-ல் பொருளியலாளர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அரசின் கடன் நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய வளர்ந்த நாடுகளில் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றது அது, பல நாட்டு அரசியல்வாதிகள் அதைக் காட்டிச் செலவைக் குறைக்கச் சொன்னார்கள். தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் வகுப்புப் பயிற்சிக்காக இந்தக் கட்டுரையை எடுத்து மறுபடி செய்து பார்த்தார், எண் பொருந்தவே இல்லை. ஆசிரியர்களிடமிருந்து எக்செல் கோப்பை வாங்கித் திறந்தால், சராசரி எடுக்கும் சூத்திரம் 5 நாடுகளை விட்டுவிட்டிருந்தது. அதோடு விடுபட்ட சில ஆண்டுகளையும் நாடுகளுக்கு எடை போட்ட விதத்தையும் சேர்த்துத் திருத்தியபோது சராசரி 2.2 சதவீதம் என்று வந்தது. 2013-ல் தன் பேராசிரியர்கள் இருவரோடு சேர்ந்து அவர் அதை வெளியிட்டார். ஒரு வீட்டுப்பாடம் அது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் கொடுப்பது இந்த மண்ணைப் பற்றிய கட்டுரை. 2019-ல் நோபல் பெற்ற மூவரில் ஒருவரான எஸ்தர் டுஃப்லோ 2003-ல் வெளியிட்டது, தென்னாப்பிரிக்க முதியோர் ஓய்வூதியத்தைப் பற்றியது. ஓய்வூதியம் பாட்டி கைக்கு வந்தால் கூட இருக்கும் பேத்திகளின் உயரமும் எடையும் தேறுகின்றன, தாத்தா கைக்கு வந்தால் அப்படித் தெரியவில்லை என்பது அதன் முடிவு. பாட்டி பென்ஷனில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள், அதனால் கட்டுரையை வாசிக்கச் சொல்லி யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. அதற்கு அடிப்படையான 1993-ஆம் ஆண்டு சர்வே, சுமார் 9,000 வீடுகளைக் கொண்டது, கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் டேட்டாஃபர்ஸ்ட் தளத்தில் கிடைக்கிறது. முழுக் கட்டுரையையும் நான் கேட்பதில்லை. பென்ஷன் வாங்கும் வயதில் பாட்டி இருக்கும் வீட்டில் எத்தனை குழந்தைகள், அவர்கள் சராசரி உயரம் என்ன, அவ்வளவுதான். அதைச் செய்யவே மூன்று வாரம் ஆகிறது, அந்த மூன்று வாரத்தில்தான் படிப்பு நடக்கிறது. சர்வே கோப்புகளில் "அளக்கவில்லை" என்பதை 999 மாதிரி ஒரு எண்ணாகப் பதிந்து வைத்திருப்பது வழக்கம். அதைக் கவனிக்காமல் சராசரி எடுத்தால் கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரக் குழந்தைகளும் கணக்கில் ஏறிவிடுவார்கள். தாத்தா பாட்டி யார் என்று கோப்பு நேராகச் சொல்லாது, குடும்பத் தலைவரோடு ஒவ்வொருவருக்கும் என்ன உறவு என்பதை வைத்து நாமே பிரித்தெடுக்க வேண்டும்.

அரசின் புள்ளிவிவர நிறுவனமான ஸ்டாட்ஸ் எஸ்ஏ 2008-லிருந்து நடத்தும் காலாண்டு வேலைவாய்ப்பு சர்வேயும் இதற்கு நல்ல களம். வேலை இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று கண்டுபிடிக்கச் சொன்னால் முதல் முறை பாதிப் பேர் சில ஆயிரம் என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். சர்வேயில் ஒருவர் பல நூறு பேருக்குப் பதிலாக நிற்கிறார், அவருக்கென்று ஒரு எடை இருக்கிறது, அதைப் பெருக்க மறந்துவிட்டார்கள். பெருக்கினால் எண் எண்பது லட்சம் அளவுக்குப் போகும். அப்புறம் அடுத்த சிக்கல்: வேலை தேடி அலுத்துத் தேடுவதையே விட்டவரைச் சேர்ப்பதா வேண்டாமா? சேர்க்காவிட்டால், வேலை செய்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்த கூட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லை, விரிந்த வரையறையில் 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. செய்தியில் வரும் ஒரு எண்ணுக்குப் பின்னால் யாரோ ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கு உறைக்கும் இடம் இது.

செலவும் இல்லை. தரவு இலவசம், தரவைக் கணக்கிட உதவும் ஆர் (R) மென்பொருள் இலவசம். அதே வேலைக்கான ஸ்டாட்டா மென்பொருள் எளிது, ஆனால் காசு. பல்கலைக்கழகக் கணினி அறையில் ஸ்டாட்டா இருந்தால் பயன்படுத்துங்கள், வீட்டில் ஆர் போதும்.

இதற்கு ஒரு பெரிய குறை உண்டு, மறைக்க மாட்டேன். கேள்வி வேறு யாரோ கேட்டது. தரவு திரையில் எண்ணாக வருகிறது, அந்த எண்ணைச் சொன்ன மனுஷியின் முகம் தெரிவதில்லை.

அதற்குத்தான் மூன்றாவது வழி, களத்தில் இறங்குவது. சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்கு ஐந்து பேரைக் கூட்டிப் போனேன். கீரையும் கறிவேப்பிலையும் விற்கிற ஒரு ஆன்ட்டியிடம் என் மாணவன் படிவத்தைப் பார்த்து, "உங்கள் மாத வருமானம் எவ்வளவு?" என்றான். ஆன்ட்டி சிரித்துவிட்டு, "வரும், வராது, அதை யாருப்பா எழுதி வைக்கிறது" என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். அவன் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போடப் போனான். நிறுத்தி, கேள்வியை மாற்றச் சொன்னேன். போன சனிக்கிழமை எத்தனை கட்டு கொண்டுவந்தீர்கள்? 60. எத்தனை மிஞ்சியது? 8. கட்டு என்ன விலை? 10 ரேண்ட், மத்தியானத்துக்கு மேல் 5. எத்தனை கட்டு ஐந்துக்குப் போனது? கொஞ்சம் யோசித்து, 12 என்றார். ஆக அன்றைக்கு வந்தது 460 ரேண்ட். அப்புறம் வண்டிக் கூலி, இடத்து வாடகை, பை, கூட உதவிய பேரனுக்குக் கொடுத்தது என்று ஒவ்வொன்றாகக் கழித்தோம். ஐந்து நிமிடத்தில் வருமானம் கிடைத்துவிட்டது, ஆன்ட்டியே "இவ்வளவுதானா நிக்குது?" என்று கேட்டார். மாதம் என்று கேட்டால் நினைவு ஓடாது, போன சனிக்கிழமை என்றால் ஓடும். இதை எந்த வகுப்பிலும் எத்தனை முறை சொன்னாலும் அந்தப் பையனுக்கு அன்றைக்குப் புரிந்த மாதிரி புரியாது. காலாண்டு சர்வே ஏன் போன வாரம் ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா என்று பிடிவாதமாகக் கேட்கிறது என்பதும் அவனுக்கு அங்கேதான் விளங்கியது. வீட்டில் சமூசா போட்டு விற்கும் அம்மாவிடம் வேலைக்குப் போகிறீர்களா என்றால் இல்லை என்பார்.

ஆனால் களம் நேரத்தை விழுங்கும். மனிதர்களிடம் கேள்வி கேட்கும் எந்த ஆய்வுக்கும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அது வர வாரக்கணக்காகும். நாங்கள் போனது கேட்டுப் பழக மட்டும்தான், பெயரும் எண்ணும் வாங்கவில்லை, அந்தத் தாள்களை எதற்கும் பயன்படுத்தவும் இல்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது, விவரம் தெரியாமல் வியாபாரிகளின் தொலைபேசி எண்களைக் குழு வாட்ஸ்அப்பில் போட்ட பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, ஒரே சந்தையில் 40 பேரைக் கேட்டுவிட்டு "டர்பன் வியாபாரிகளின் நிலை" என்று தலைப்பு வைக்க முடியாது. அன்றைக்குக் கடை போட்டவர்களை மட்டும்தான் பார்த்தோம், நஷ்டப்பட்டு வராமல் போனவர்கள் நம் கணக்கிலேயே இல்லை.

களத்துக்குப் போக வழியில்லாதவர்களுக்கு நான் ஆசையோடு சொல்லும் இன்னொரு வழி பழைய ஏடு. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 152,184 பேர், பெரும்பகுதி சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் கப்பல் பதிவேட்டில் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் என்று ஒரு வரி இருக்கிறது. இது நம் முன்னோர் வரலாறு என்று மட்டும் பார்க்க வேண்டாம், அருமையான பொருளியல் தரவும்கூட. எந்த மாவட்டத்திலிருந்து எந்த ஆண்டில் அதிகம் பேர் வந்தார்கள், 1876-78 பஞ்சத்துக்கு அப்புறம் அது மாறியதா, பெண்களின் பங்கு எவ்வளவு என்று இளங்கலை மாணவரே கேட்டு விடை தேடலாம். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் முனியம்மா ஒருவரே பல எழுத்துக்கூட்டலில் வருவார், ஆற்காடும் அப்படித்தான். கணினி அவற்றை வேறு வேறு என்று எண்ணும், தமிழ் தெரிந்த பிள்ளை ஒன்று என்று கண்டுபிடிக்கும். பாட்டியிடம் கேட்டுவிட்டு வந்து ஒரு ஊர்ப் பெயரைத் திருத்திய மாணவி என்னிடம் உண்டு. பதில் சொன்னவர்கள் யாரும் இன்று உயிரோடு இல்லாததால் நேர்காணல் தொல்லை இல்லை. குறை என்னவென்றால், ஏட்டில் எழுதாததைத் திரும்பப் போய்க் கேட்கவும் முடியாது.

கடைசியாகப் பேராசிரியரிடம் ஆய்வு உதவியாளராகச் சேர்வது. கிடைத்தால் இதைவிட ஆழமாக எதுவும் கற்றுத் தராது என்பது உண்மை. ஆனால் முந்நூறு பேர் வகுப்பில் அந்த இடம் மூன்று பேருக்குத்தான். வார இறுதியில் கடையில் வேலை பார்த்துக் கட்டணம் கட்டும் பிள்ளைக்கு அது கிடைப்பதே இல்லை, இது எனக்கு ஆறாத வருத்தம். கிடைத்தவர்களும் சேரும் முன் ஒன்று கேளுங்கள்: தரவைக் கணக்கிடும் கட்டளைக் கோப்புகளை நான் பார்க்கலாமா, முடிவுகளைப் பேசும் கூட்டத்தில் உட்காரலாமா? இரண்டும் இல்லையென்றால் வருடம் முழுவதும் தட்டச்சு மட்டும்தான் மிஞ்சும்.

ஆக, ஒருவர் கையில் ஒரு விடுமுறை மட்டும் இருந்தால் ரெப்ளிகேஷன். இரண்டு விடுமுறை இருந்தால், முதலில் ரெப்ளிகேஷன், அப்புறம் களமோ ஏடோ. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். ஒரு முறையாவது அடுத்தவர் தரவில் திண்டாடியவர்தான் தன் படிவத்தில் "அளக்கவில்லை" என்பதற்குத் தனிக் கட்டம் போடுவார். வகுப்பை விட்டுவிடச் சொல்லவில்லை, கையில் தரவை வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போங்கள், அப்போது எடை, மாதிரி என்ற சொற்கள் காதில் ஏறும்.

டிசம்பர் விடுமுறைக்கு முன்பே டேட்டாஃபர்ஸ்டில் பதிவு செய்துவிடுங்கள். தரவுக் கோப்போடு கேள்விப் படிவத்தையும் இறக்குங்கள், முதல் இரண்டு நாள் படிவத்தை மட்டும் வாசியுங்கள். செய்வதையெல்லாம் ஒரே ஸ்கிரிப்ட் கோப்பில், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதும் கோப்பில், எழுதி வையுங்கள், எக்செல்லில் கையால் எதையும் திருத்த வேண்டாம். எண் பொருந்தவில்லை என்றால் அந்த ஸ்கிரிப்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.