டார்மா, வெளி வீடா, எது எப்போது? பட்டமளிப்புக்கு முன் சில ஒப்பீடுகள்

வரும் மே மாதம் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தில் எனக்குப் பட்டமளிப்பு. மின்பொறியியல், நான்கு ஆண்டுப் படிப்பு. ஆகஸ்டில் இங்கே வந்து சேரப்போகிற நம்மூர்ப் பிள்ளைகள் இப்போதே கேள்வி அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். டார்மில், அதாவது மாணவர் விடுதியில் தங்குவதா, வெளியே வீடு பார்ப்பதா? டைனிங் ஹால் (விடுதி உணவகம்) சாப்பாடா, சொந்தச் சமையலா? வளாகத்துக்குள் எந்த வேலைக்குப் போகலாம்? முடித்ததும் வேலையா, எம்.எஸ். என்ற முதுநிலைப் படிப்பா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்விகளுக்கு "இதுதான் நல்லது" என்று நான்கு ஆண்டுக்கும் சேர்த்து ஒரே பதில் கிடையாது. முதல் ஆண்டில் ஆட்கள் வேண்டும். அதற்காகக் கொஞ்சம் பணத்தையும் சௌகரியத்தையும் விட்டுக்கொடுக்கலாம். அப்புறம்தான் பணக் கணக்கு. இந்த வரிசை மாறினால் இரண்டுமே கையில் நிற்காது.

டார்மும் வெளி வீடும்

இங்கே முதலாண்டு இளநிலை மாணவர்கள் பல்கலைக்கழக விடுதியிலோ, பல்கலைக்கழகம் அங்கீகரித்த தனியார் விடுதியிலோதான் தங்க வேண்டும் என்பது விதி. கணக்குப் போட்டால் கசக்கத்தான் செய்யும். அறைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து ஒரு கல்வியாண்டுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டிவிடும். இரண்டு கட்டில், இரண்டு மேசை போட்டதும் நடக்கவே இடம் இருக்காத அறை. அதிலும் பாதிதான் நமக்கு. குளியலறை பொது. அறையில் அடுப்பு வைக்க முடியாது. வெளியே நான்கு பேர் சேர்ந்து எடுக்கும் வீட்டில், நான் பார்த்த வரையில், ஆளுக்கு மாதம் 600 முதல் 900 டாலர். சமையலறை உண்டு, கதவைச் சாத்தினால் தனிமை உண்டு. காகிதத்தில் வெளி வீடுதான் ஜெயிக்கும்.

ஆனாலும் முதல் ஆண்டுக்கு நான் டார்முக்குத்தான் ஓட்டுப் போடுவேன். காரணம் அந்த நீளமான நடைவழி. செமஸ்டர் தொடங்கிய முதல் சில வாரங்களில் எல்லாரும் அறைக் கதவைத் திறந்தே வைத்திருப்பார்கள். தண்ணீர் பிடிக்கப் போகும் வழியில் ஐந்து பேரிடம் பேசிவிட்டுத்தான் திரும்ப முடியும். நள்ளிரவில் யாரோ மைக்ரோவேவில் பாப்கார்னைக் கருக்கி, தீ அலாரம் அலறி, முழுக் கட்டடமும் போர்வையைப் போர்த்திக்கொண்டு குளிரில் நிற்கும். அப்படி நின்ற ஓர் இரவில் அறிமுகமானவர்களோடுதான் இயற்பியல் வீட்டுப்பாடக் குழு அமைந்தது. பியோரியாவிலிருந்து வந்த ஒருவன், சியோலிலிருந்து வந்த ஒருத்தி, நான். மற்ற இருவரும் வேறு துறைக்கு மாறிவிட்டார்கள்; இன்றும் எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் போன் செய்வது அவர்களுக்குத்தான். ஒவ்வொரு தளத்துக்கும் ஆர்.ஏ. என்று ஒரு மூத்த மாணவர் இருப்பார். எந்த மருந்தை எங்கே வாங்குவது, எந்தப் பஸ் எங்கே போகும், பேராசிரியருக்கு மின்னஞ்சல் எப்படி எழுதுவது என்று எதை வேண்டுமானாலும் கூச்சமில்லாமல் கேட்கலாம். பதினெட்டு வயதில், அம்மாவோடு பேச ஊரில் பொழுது விடியும் வரை காத்திருக்க வேண்டிய ஒருவருக்கு, இது விலை போட முடியாத வசதி.

டார்முக்குப் பெரிய குறை விடுமுறைதான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் குளிர்கால விடுமுறையில் விடுதிகளை மூடிவிடுவார்கள். தங்க வேண்டுமானால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அறைத்தோழர் மூன்று மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுவார். நமக்கு டிக்கெட் விலையே ஒரு மாத வாடகையைவிட அதிகம். ஊருக்குப் போகாதவர்கள் அக்டோபரிலேயே இதற்கு ஓர் ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

இரண்டாம் ஆண்டு முதல் கணக்கு தலைகீழாகிவிடும். ஆட்கள் கிடைத்தாகிவிட்டது, இனி அவர்களோடு சேர்ந்து வீடு எடுப்பதுதான் புத்திசாலித்தனம். ஒரு சிக்கல் என்னவென்றால், இந்த ஊரில் அடுத்த ஆகஸ்டுக்கான லீஸை (வாடகை ஒப்பந்தத்தை) முந்தைய அக்டோபரிலேயே போட ஆரம்பித்துவிடுவார்கள். வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. "நல்ல வீடெல்லாம் போயிடும்" என்று எல்லாரும் பதறுவார்கள். பதற வேண்டாம். வளாகத்தை ஒட்டிய கடைத்தெருவான கிரீன் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் பளபளப்பான உயர் கட்டடங்கள்தான் சீக்கிரம் நிரம்புகின்றன. அர்பானா பக்கம் பழைய வீடுகள் வசந்த காலம் வரை கிடைக்கும். மாணவர் அட்டையைக் காட்டினால் பஸ் இலவசம் என்பதால், பத்து நிமிடம் தள்ளி இருந்தாலும் பாதகமில்லை. மூத்த மாணவி ஒருவர் எனக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன்: "தம்பி, வாடகையை மட்டும் பார்க்காதே. ஹீட்டர் கரண்ட்ல ஓடுதா கேஸ்லயான்னு கேளு, பில் யார் கட்டணும்னு கேளு. அப்புறம் கையெழுத்துப் போடு." ஜனவரியில் வெப்பநிலை மைனஸ் இருபதுக்கு இறங்கும்போது அந்தக் கேள்வியின் மதிப்பு தெரியும்.

லீஸ் பெரும்பாலும் பன்னிரண்டு மாதத்துக்கு. கோடையில் ஊருக்குப் போனாலும் வாடகை ஓடும். சப்லீஸுக்கு, அதாவது நம் வீட்டை அந்த மாதங்களுக்கு உள்வாடகைக்கு எடுக்க, ஆள் கிடைக்கும், பாதி வாடகைக்கு. ஆகவே "வெளி வீடு மலிவு" என்பதில் இந்த மூன்று மாதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் மலிவுதான், நினைத்த அளவு இல்லை.

சாப்பாட்டைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. டைனிங் ஹாலில் பசியாறலாம், நாக்கு ஆறாது. வெளி வீட்டில் கடுகு தாளித்தால் ஸ்மோக் அலாரம் கத்தும். ஜன்னலைத் திறந்து, துண்டை வீசிக்கொண்டே ரசம் வைக்கப் பழகிவிடுவீர்கள். தேர்வு வாரத்தில் மட்டும் டைனிங் ஹாலில் சாப்பிடுகிறவர்களைப் பார்த்துப் பொறாமை வரும். வீட்டில் நான்கு பேர் முறைவைத்துச் சமைத்தால் அந்தப் பொறாமையும் தேவையில்லை.

பாத்திரம் கழுவும் வேலையும் விடைத்தாள் திருத்தும் வேலையும்

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்வரை வளாகத்துக்குள் வேலை செய்யலாம், விடுமுறையில் முழுநேரம். இல்லினாய் மாநிலத்தில் 2025 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர். 20 மணி நேரமும் செய்தால் வாரம் 300 டாலர், வரி போகக் கொஞ்சம் குறையும்.

முதல் ஆண்டில் சுலபமாகக் கிடைப்பது டைனிங் ஹால் வேலை. நான் பாத்திரம் கழுவும் அறையில் இருந்தேன். நகரும் பட்டையில் தட்டுகள் வந்துகொண்டே இருக்கும். மிச்சத்தை வழித்துக் கொட்டி, அடுக்கி, இயந்திரத்துக்குள் தள்ள வேண்டும். மறுமுனையில் ஆவியோடு வெளிவரும் தட்டுகளைச் சூடு ஆறுவதற்குள் எடுக்க வேண்டும். கண்ணாடி போட்டவர்களுக்குப் பாதி நேரம் எதுவும் தெரியாது. வேலை முடிந்தால் கால் கடுக்கும், சட்டையில் சோப்பு வாடை ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு கிடைக்கும் கிரேடர் (விடைத்தாள் திருத்துபவர்) வேலையோ உட்கார்ந்த இடத்தில், நமக்குத் தோதான நேரத்தில், நம் துறைக்குள்ளேயே. பேராசிரியருக்கு நம் பெயர் தெரியவரும். பரிந்துரைக் கடிதம் கேட்க வாய் வரும்.

நேருக்கு நேர் வைத்தால் கிரேடர் வேலைதான் மேல், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் முதல் ஆண்டில் வளாக வேலை எதுவாக இருந்தாலும் அதைத் தட்டிக் கழிக்காதீர்கள் என்பேன். வேலை கிடைத்த பிறகுதான் அமெரிக்க அரசு தரும் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு விண்ணப்பிக்க முடியும். அந்த எண் வந்தால் கிரெடிட் கார்டு வாங்குவது எளிது. கார்டை ஒழுங்காகக் கட்டினால் கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் மதிப்பெண். அது இருந்தால் வீட்டுக்காரரிடம் பேச்சு சுலபம். வீட்டு நிறுவனங்கள் பல, அமெரிக்காவில் சம்பாதிக்கும் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்கின்றன, இல்லையென்றால் முன்பணம் அதிகம் கேட்கின்றன. சித்தப்பாவோ மாமாவோ இங்கே இல்லாதவர்களுக்கு அந்தப் பாத்திர அறைதான் முதல் படி. அங்கே என்னோடு வேலை செய்த உள்ளூர்ப் பெரியவர்களின் பேச்சுவழக்கு பிடிபட்ட பிறகு வகுப்பில் எழுந்து கேள்வி கேட்கும் தயக்கமும் போய்விட்டது.

வரி பற்றிப் பலருக்குத் தெரியாத இரண்டு விஷயம். எஃப்-1 மாணவர்களுக்குப் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் சம்பளத்தில் கிடையாது. 2022 ஆகஸ்டில் வந்த எனக்கு 2026 முடியும்வரை. படிப்பு முடிந்து வேலைக்குச் சேரும் நிறுவனம் தெரியாமல் பிடித்தால் கேட்டுத் திரும்ப வாங்க வேண்டும். இன்னொன்று, இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவுப்படி இந்திய மாணவர்கள், வருமானத்தில் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு வரி இல்லாமல் கழிக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுத்துக்கொள்ளலாம். மற்ற நாட்டு மாணவர்கள் பெரும்பாலோருக்கு இந்தச் சலுகை இல்லை. படிவம் நிரப்பும்போது சீன நண்பரைப் பார்த்து அப்படியே எழுதிவிடாதீர்கள்.

நம்மவர்களோடா, மற்றவர்களோடா?

இந்த வளாகத்தில் வெளிநாட்டு மாணவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். சீனா, இந்தியா, தென்கொரியாவிலிருந்துதான் அதிகம். நினைத்தால் நான்கு ஆண்டும் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசிக்கொண்டே ஓட்டிவிடலாம். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். பொங்கலன்று யாரோ ஒருவர் வீட்டில் சேர்ந்து சாப்பிடுவது பெரிய பலம். ஆனால் நம்மவர்கள் எப்போதும் கிடைப்பார்கள். மற்றவர்கள் முதல் ஆண்டில்தான் கிடைப்பார்கள். இரண்டாம் ஆண்டு வந்தால் எல்லாரும் தத்தம் குழுவில் உட்கார்ந்துவிடுவார்கள். வரிசையை இங்கேயும் மறக்காதீர்கள்.

வேலை, எம்.எஸ்., ஊர்

இப்போது என் நேரத்தைத் தின்றுகொண்டிருக்கும் ஒப்பீடு இது.

படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவிலேயே, ஓ.பி.டி. என்ற பயிற்சி அனுமதியில் 12 மாதம் வேலை செய்யலாம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டம் என்றால் மேலும் 24 மாதம், மொத்தம் மூன்று ஆண்டு. விண்ணப்பத்தைப் படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து 60 நாள் பின்புவரை அனுப்பலாம். ஓ.பி.டி. தொடங்கிய பிறகு மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. அந்த நாள்கள் எண்ணப்படுவது வேலை தேடுகிறவருக்கு நெஞ்சில் கல். அதற்கப்புறம் ஹெச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கல்: ஆண்டுக்கு 85,000 இடம். 2025 செப்டம்பரில் புது மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்ததிலிருந்து நேர்காணல்களில் விசா பேச்சு வந்தாலே குரல் மாறுவதை நானே கேட்டிருக்கிறேன்.

எம்.எஸ். உடனே சேர்ந்தால் இந்தத் தொல்லை இரண்டு ஆண்டு தள்ளிப்போகும். ஆனால் கட்டணம்? உதவித்தொகையோடு, ஆய்வு உதவியாளர் வேலையோடு இடம் கிடைத்தவர்கள் யோசிக்கவே வேண்டாம், சேர்ந்துவிடலாம். இல்லாதவர்கள் இன்னொரு கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஊரில் வாங்கிய கல்விக் கடனுக்குப் படிப்பு முடிந்து ஆறு மாதம் முதல் ஓராண்டில் தவணை தொடங்கிவிடும்.

ஊர் திரும்புவதைத் தோல்வி என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. என்னோடு படித்த ஒருவர் சென்னையில் சிப் வடிவமைப்பு வேலையை வாங்கிக்கொண்டு போகிறார். இங்கே கிடைக்கும் வேலையைவிட அவர் துறைக்கு அது நெருக்கம், கடன் இல்லை, வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. அவருடைய கணக்கில் அதுதான் சரியான விடை. கடன் டாலரை நம்பி எடுக்கப்பட்டிருந்தால் மட்டும் ரூபாய்ச் சம்பளத்தில் அடைபட எத்தனை ஆண்டு என்று வங்கிப் பட்டியலை எடுத்துவைத்துப் பார்க்க வேண்டும்.

நான் ஓ.பி.டி.யைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஓ.பி.டி. ஒவ்வொரு பட்ட நிலைக்கும் தனி. இப்போது இளநிலைக்கு உரியதைப் பயன்படுத்தினாலும், பின்னால் எம்.எஸ். படித்தால் அந்த நிலைக்கு மறுபடி கிடைக்கும். ஸ்டெம் நீட்டிப்பும் இரண்டு முறைவரை உண்டு. இளநிலை முடித்து நேரே எம்.எஸ்.ஸுக்குள் போனால் இந்த நிலையின் வாய்ப்பு வீணாகப் போகும். வேலை செய்து கொஞ்சம் கடனைக் குறைத்து, எந்தப் பிரிவில் மேற்படிப்பு என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்பது என் எண்ணம். விதிகள் மாறலாம், இன்றைய விதியை வைத்து இன்று முடிவெடுக்கிறேன்.

கடைசி செமஸ்டரில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஓ.பி.டி.க்கான வேலை அனுமதி அட்டை தபாலில் வரும், விண்ணப்பத்தில் கொடுத்த முகவரிக்கு. மே மாதம் பட்டம் வாங்கி, வீட்டைச் சப்லீஸுக்கு விட்டு, நண்பர் வீட்டுச் சோபாவுக்கு மாறியிருப்பீர்கள். அட்டை பழைய தபால் பெட்டியில் கிடக்கும். ஊரை விட்டு நகராத ஒருவரின் முகவரியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். முகவரி மாறினால் பத்து நாளுக்குள் பதிவும் செய்ய வேண்டும். என் அட்டை அர்பானாவில் பிஎச்.டி. படிக்கும் அக்கா ஒருவர் வீட்டுக்கு வரும்படி கொடுத்திருக்கிறேன். அவர் லீஸ் அடுத்த ஆண்டு ஆகஸ்ட் வரை இருக்கிறது.