ஈறு ஆபரேஷன் முடிந்த ரெண்டாம் ராத்திரி 4,750 ரூபாயைப் பறிகொடுத்தேன், நீங்களாவது உஷாராக இருங்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கன்னம் இன்னும் ஒரு பக்கம் உப்பித்தான் இருக்கிறது. ஈறு வலிக்கு மருந்து என்று போனில் வந்த விளம்பரத்தை நம்பிப் போனது 4,750 ரூபாய். நான் ஈரோட்டில் வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறவள். லைனிங் பிளவுஸ் ஒன்றுக்கு 250 ரூபாய் வாங்குகிறேன். கணக்குப் போட்டால் பத்தொன்பது பிளவுஸ். பத்தொன்பது பிளவுஸுக்குக் கழுத்து வெட்டி, கொக்கி கட்டி, ஓரம் அடித்த கூலியை ராத்திரி ஒன்றரை மணிக்குப் படுத்த இடத்திலிருந்தே தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

ரெண்டு வருஷமாகப் பல் துலக்கினால் ரத்தம். எனக்குச் சுகர் வேறு. கீழ்த் தாடையில் வலது கடைவாயில் ஈறு இறங்கி, பல் லேசாக ஆட ஆரம்பித்த பிறகுதான் பல் டாக்டரிடம் போனேன். ஃபிளாப் சர்ஜரி என்றார். ஈறைப் பிரித்து, உள்ளே வேரில் ஒட்டிக் கிடக்கும் காறையைச் சுரண்டி எடுத்துவிட்டு, மறுபடி மூடித் தையல் போடுவது. தையலுக்கு மேலே ரோஸ் கலரில் சூயிங்கம் மாதிரி ஒரு கட்டு வைத்தார்கள். அந்த டாக்டரம்மா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சுகர் அளவு, கிட்னி டெஸ்ட் எல்லாம் பார்த்த பிறகுதான் கத்தியையே எடுத்தார்.

அவர் சொன்னது இவ்வளவுதான். மரத்துப்போனது தெளிவதற்கு முன்னாலேயே முதல் மாத்திரையைப் போட்டுவிடு. ஐபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்தது, சாப்பிட்டுவிட்டு மூன்று வேளை, மூன்று நாள். வலி வந்த பிறகு போடாதே, வருவதற்கு முன் போடு. முதல் நாள் வெளியே கன்னத்தில் ஐஸ் ஒத்தடம். சூடாக எதுவும் வேண்டாம், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதே, காறித் துப்பாதே. மறுநாளிலிருந்து குளோர்ஹெக்சிடின் வாய் கொப்பளிப்பு மருந்து பத்து மில்லி, காலையும் இரவும். பல் கொஞ்சம் பழுப்பாகும், நாக்கில் ருசி மாறும், பயப்படாதே. வலி நாளுக்கு நாள் குறையணும், மூணாம் நாளுக்கு அப்புறம் கூடினால் உடனே வா.

நான் என்ன செய்தேன்? நாத்தனார் போனில், "வலி மாத்திரை கிட்னியத் தின்னுடும்" என்றாள். கிட்னி டெஸ்ட் பார்த்துத்தான் எழுதினார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ரெண்டாம் நாள் மதியமும் ராத்திரியும் மாத்திரையை விட்டுவிட்டேன். ராத்திரி ஒரு மணிக்குக் காது வரைக்கும் இழுத்தது. வீட்டுக்காரர் குறட்டை விடுகிறார். மாத்திரை அட்டை எட்டடி தூரத்தில் அலமாரியில் இருக்கிறது. நான் எடுத்தது போனை.

வீடியோவாக ஓடும் ஒரு செயலியில், ஒரே ஒரு முறை "ஈறு வலி" என்று தேடியதற்கே விளம்பரம் வந்து நின்றது. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். (பல்லுக்கு ஸ்டெதஸ்கோப் எதற்கு என்று இப்போது தோன்றுகிறது.) "ஈறு ஆபரேஷனா? மூன்றே நாளில் வலி போகும், புண் மூடும்." ஒரு மூலிகை ஜெல், வாயில் பிடித்துக்கொள்ள ஒரு சிவப்பு விளக்குக் கருவி, கொப்பளிக்க ஒரு பொடி. 9,500 ரூபாயை அடித்துவிட்டு 4,750. கீழே ஒரு கடிகாரம் பத்து நிமிஷத்திலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது.

அதற்கெல்லாம்கூட நான் விழவில்லை. சந்தேகம் கேட்கலாம் என்று இருந்த எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அந்த நேரத்தில் யார் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு நிமிஷத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது. இருபத்தைந்து வயசுப் பையன் குரல், நம்ம பக்கத்துப் பேச்சு. "அக்கா, இன்னும் தூங்கலீங்களா? எங்கம்மாவும் இதே ஆபரேஷனுக்கு அப்புறம் ரெண்டு நாள் துடிச்சாங்க. நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க்கா, நான் பாத்துக்கறேன்." அவ்வளவுதான். இன்னும் தூங்கலீங்களா என்று வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை, இவன் கேட்டான். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஸ்கேன் பண்ணி 4,750 அனுப்பினேன். எனக்குச் சுகர் இருக்கிறதா, வேறு மாத்திரை சாப்பிடுகிறேனா என்று அவன் கேட்கவே இல்லை. அது அப்போது உறைக்கவில்லை.

பணம் போன அஞ்சாவது நிமிஷம் எழுந்துபோய் ரெண்டு வாய் தயிர்சாதம் சாப்பிட்டு டாக்டரம்மா கொடுத்த மாத்திரையைப் போட்டேன். முக்கால் மணி நேரத்தில் தூங்கிவிட்டேன். இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பார்சல் வருவதற்குள் சனிக்கிழமை ஆகிவிட்டது, ஆபரேஷன் ஆகி ஆறாம் நாள். வலி ஏற்கெனவே முக்கால்வாசி போயிருந்தது. இந்த வலி முதல் ரெண்டு மூன்று நாள்தான் உச்சத்தில் இருக்கும், அப்புறம் தானாக இறங்கும். அதைத்தான் அவர்கள் "மூன்றே நாளில்" என்று விற்கிறார்கள். சரி, காசு கொடுத்தாகிவிட்டது, புண்ணாவது சீக்கிரம் மூடட்டும் என்று, ரோஸ் கட்டு ஓரம் உடைந்திருந்த இடத்தில் ஜெல்லைத் தடவினேன். கிராம்பு வாடை மூக்கைத் துளைத்தது. பச்சை மிளகாயை அரைத்து அப்பின மாதிரி எரிச்சல். அவனிடம் கேட்டால், "எரிஞ்சா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்க்கா, இன்னொரு தடவ போடுங்க." போட்டேன். காலையில் கண்ணாடியில் பார்த்தால் ஈறு விளிம்பில் சோற்றுப் பருக்கை அளவுக்கு வெள்ளையாக ஒரு திட்டு.

டாக்டரம்மா டியூபை முகர்ந்து பார்த்தார். கிராம்பு எண்ணெய் நேராகப் பட்டால் நல்ல ஈறே வெந்துபோகும், இது அறுத்த ஈறு என்றார். லேபிளில் உரிமம் எண் இல்லை, பேட்ச் எண் இல்லை, காலாவதி தேதி இல்லை. ஆயுர்வேத மருந்தாக இருந்தாலும் இதெல்லாம் இருந்தே ஆகணுமாம். அந்தச் சிவப்பு விளக்கு? லேசர் ஒளி வைத்து வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் சிகிச்சை நிஜமாகவே இருக்கிறது. அதற்கு அலைநீளம், அளவு, நேரம் எல்லாம் கணக்குப் பார்த்து டாக்டர்தான் செய்வார். என்னிடம் வந்தது ரெண்டு பென்சில் செல் போட்ட டார்ச். ஹயாலுரானிக் ஜெல் என்று புண்ணுக்குப் போடுவதும் உண்மையில் உண்டு, அதையும் டாக்டர் சொன்னால்தான் போடணும். உண்மையில் இருக்கிற ரெண்டு விஷயத்தின் நிழலைப் பிடித்துக்கொண்டு விற்றிருக்கிறான். தையல் பிரிப்பது நாலு நாள் தள்ளிப்போனது. மறுபடி ஒரு கன்சல்டேஷன் ஃபீஸ்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் "எங்க நிபுணர் கூப்பிடுவாங்க" என்றார்கள், ரெண்டு நாள் யாரும் கூப்பிடவில்லை. பிறகு, பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா என்றார்கள். எடுக்கவில்லை. வாய் வீங்கிக் கிடப்பவள் வீடியோவா எடுப்பாள்? திறந்த டியூபைத் திரும்ப எடுக்க மாட்டோம், சுகாதாரக் காரணம் என்றார்கள். சுகாதாரமாம்! திறக்காமல் எரியுமா எரியாதா என்று எப்படித் தெரியும்? கடைசியில் அதே பையன் குரல், இந்த முறை அக்காவும் இல்லை, ஒன்றும் இல்லை: "மேடம், உங்க ஸ்கின்னுக்கு அட்வான்ஸ் கிட்தான் செட் ஆகும், 700 மட்டும் சேர்த்துப் போடுங்க." 4,750 ரூபாயைத் திருப்பிக் கொடு என்று நான் கத்தி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது. போட்டோவும் மறைந்துவிட்டது.

1930, அது ஆன்லைன் பண மோசடிக்கான உதவி எண், அங்கே கூப்பிட்டுப் புகார் கொடுத்திருக்கிறேன். 1915, அது நுகர்வோர் உதவி எண், அங்கேயும் பதிந்திருக்கிறேன். பணம் போன அன்றைக்கே 1930க்குக் கூப்பிட்டிருக்கணும், நான் பத்து நாள் அக்கா அக்கா என்ற வார்த்தையை நம்பிக்கொண்டிருந்தேன்.

என்னென்ன கவனிக்கணும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், தாடை வலிக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் எழுதின மாத்திரையை வேளை தவறாமல் போடுங்கள். அல்சர், கிட்னி, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை ஏதாவது இருந்தால் முன்னாடியே சொல்லிவிடுங்கள். தையல் மேலே கிராம்பு எண்ணெய், மஞ்சள், எதுவும் வைக்காதீர்கள். சீழ், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். ராத்திரியில் எதையும் வாங்காதீர்கள்.

விளம்பரம் போட்ட பக்கத்தின் பேரை ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். அந்தப் பேரில் இப்போது பக்கமே இல்லை. நேற்று மதியம் பட்டன் தைத்துக்கொண்டிருக்கும்போது அதே வெள்ளைக் கோட்டு, அதே ஸ்டெதஸ்கோப், வேறு பேரில் வந்தது. இந்த முறை முழங்கால் வலிக்கு. விலை 3,999.