டி.சி.டி. பரிசோதனை: அக்காவின் ஐ.சி.யூ. நாட்களில் பார்த்தது

மூளையில் புடைத்திருந்த ரத்தக்குழாய் வெடித்து, மறுநாளே ஆபரேஷன் செய்து கிளிப் போட்டார்கள் அக்காவுக்கு. அதன்பிறகு தினமும் காலையில் டிரான்ஸ்கிரேனியல் டாப்ளர், அதாவது மூளைக் குழாய்களில் ரத்தம் ஓடும் வேகத்தை ஒலி அலையால் அளக்கும் பரிசோதனை. ஐ.சி.யூ.வில் எல்லோரும் டி.சி.டி. என்பார்கள். ஆபரேஷன்தான் நல்லபடியாக முடிந்ததே, இது எதற்கு என்று கேட்டேன். கசிந்த ரத்தம் உறுத்தி, 4-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை மற்ற குழாய்கள் சுருங்கலாம், பக்கவாதம் வரைக்கும் போகலாம் என்றார் டாக்டர்.

ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, கட்டிலை விட்டு நகர்த்தவும் வேண்டாம். காதுக்கு முன்னால், கன்ன எலும்புக்குச் சற்று மேலே ஜெல் தடவி, கருவியை மயிரிழை மயிரிழையாகச் சாய்த்துத் தேடுவார் டெக்னீஷியன். எலும்பு மெலிசான இடம் அதுதான். சட்டென்று 'உஷ்... உஷ்...' என்று கேட்கும். அக்காவின் மூளைக்குள் ரத்தம் ஓடும் சத்தம். முதல் நாள் அதைக் கேட்டு அழுதுவிட்டேன்.

வலது பக்கம் இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிடும். இடது பக்கம் தையலும் கட்டும் இருந்ததால் கால் மணி நேரம் ஆகும். ஆனாலும் அவர் விடமாட்டார். இந்தப் பரிசோதனையில் பாதி அந்தக் கைப்பழக்கம்தான். எலும்பு தடிமனாக இருக்கும் சிலருக்கு எவ்வளவு தேடினாலும் கிடைக்காதாம்.

குழாய் சுருங்கினால் ரத்தத்தின் வேகம் கூடும். 5-ஆம் நாள் இடது பக்கம் வேகம் நொடிக்கு 95 செ.மீ. 7-ஆம் நாள் 168. 120-ஐத் தாண்டினால் கவனம், 200-ஐத் தாண்டினால் ஆபத்து என்று அதற்குள் எனக்கே தெரிந்திருந்தது. உடனே கழுத்துக் குழாயிலும் வேகம் பார்த்தார்கள். அங்கேயும் கூடியிருந்தால் மொத்த ஓட்டமே கூடியிருக்கிறது. மூளையில் மட்டும் கழுத்தைப்போல 3 மடங்குக்கு மேல் என்றால் குழாய் சுருங்குகிறது. அக்காவுக்கு 4 மடங்கு. குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேனிலும் அதேதான். அன்றிரவு பேச்சு குழறியபோது யாரும் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. மருந்து கொடுத்து ரத்த அழுத்தத்தை உயர்த்தினார்கள், விடிவதற்குள் என் பெயரைத் தெளிவாகச் சொன்னாள்.

ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். 6-ஆம் நாள் ஞாயிறு, யாரும் வரவில்லை. நேற்றைய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தானே தினமும் எடுப்பது? உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நிலை வந்தால், ஞாயிறும் எடுப்பீர்களா என்று முதல் நாளே கேளுங்கள், எண்களைக் குறித்துவையுங்கள். நான் எழுத்தில் புகார் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு, 13-ஆம் நாள், அதே டெக்னீஷியன் வந்தார். இடது பக்கம் 110.